நானூற்றுப் பன்னிரண்டு எடைகள்

மல்காஜ்கிரி, செகந்திராபாத்
ஜூன் 8, ஞாயிறு

என் மதிப்புக்கும் கேலிக்கும் உரிய வீட்டுக்காரருக்கு,

கல்பகம் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், கிரைண்டர் சௌக்கியம், மாடித் தொட்டி சௌக்கியம். பால்காரர் மட்டும் நீங்கள் ஊரில் இல்லாத தைரியத்தில் எட்டு மணிக்கு வருகிறார். அங்கே நீங்களும் ஹம்ஸினியும் மாப்பிள்ளை அனிருத்தும், முப்பத்தைந்தே நாள் ஆன என் பேத்தி பூர்ணாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று கணபதி கோயிலில் தினமும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறேன்.

தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். வீடியோவில் பேத்தியைப் பார்க்கத்தான் முடிகிறது, உங்களோடு பேச முடிவதில்லை. நான் வாயைத் திறந்தால் குழந்தை அழுகிறது. நீங்கள் போனை ஹம்ஸினியிடம் தள்ளிவிட்டுக் குக்கரை அணைக்க ஓடுகிறீர்கள். அதனால்தான் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி அச்செடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படியுங்கள்.

நம் தெருவில் இப்போது நீங்கள்தான் பேச்சு. பெண்ணின் பிரசவத்துக்கு அம்மா போவாள், இதென்ன அப்பா அங்காயப் பொடியை இடித்துக்கொண்டு எடின்பரோவுக்குப் போயிருக்கிறார் என்று எதிர்வீட்டு வேதா இரண்டு மாதமாக ஆச்சரியப்பட்டு முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் ரசம் வைக்கத் தெரிந்தவர் அவர்தான், நான் போயிருந்தால் ஹம்ஸினி பத்தியத்தில் பாதி உடம்பாகியிருப்பாள் என்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

காது ஆபரேஷன் ஆனவள் மூன்று மாதம் விமானத்தில் ஏறக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஃபாக்டரி இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனாரே நாராயணஸ்வாமி, நம் கிரகப்பிரவேசத்தில் மூன்று டம்ளர் பாயசம் குடித்தவர், அவர் ஜீடிமெட்லாவில் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறார். ஜீரணப் பவுடர் செய்து, ஐம்பது கிராம் டப்பாவில் அடைத்து, சென்னையில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனிக்கு அனுப்புகிறார். டப்பாவின் மேல் பெயர் அவர்களுடையது. வாரத்தில் மூன்று நாள் சுசித்ரா சந்திப்பு வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. ஜீடிமெட்லாவே மருந்து நெடி அடிக்கும், இவர் யூனிட் மட்டும் ஓமமும் இந்துப்பும் மணக்கிறது. உள்ளே போனதும் பசிக்கிறது.

வேலை இதுதான். ஒவ்வொரு மணிக்கும் சில டப்பாக்களை எடுத்துத் தராசில் வைத்து, எடையை நோட்டில் கையால் எழுதுகிறார்கள். கையெழுத்து மட்டும் போதாது, மெஷினே வைத்திருக்கும் கணக்கையும் காட்டு என்று சென்னைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் ஆய்வுக்கு வருகிறார்கள். தராசு இருபது வயதுக் கிழம். கடைசியாகப் போட்ட சில நூறு எடைகளை அது தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது, ஆனால் வெளியே எடுக்கும் வழி அங்கே யாருக்கும் தெரியவில்லை. செய்த கம்பெனியும் இப்போது இல்லை. முப்பத்துமூன்று வருஷம் இதே மாதிரிக் கிழங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். வருகிறேன் என்றேன்.

எடை போடுகிற பெண் பெயர் எலிசபெத். லாலாகுடாவில் வீடு. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம், முப்பத்தாறு வயது இருக்கும். ஒன்பது வருஷமாக அந்தத் தராசுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டில் அவள் எழுத்து பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது. முதல் நாளே எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஹவ் மேடம், இந்த மெஷின் என் மாமியார் மாதிரி. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கும், கேட்டா மட்டும் சொல்லாது" என்றாள். பேசுவது தமிழ்தான், ஆனால் ஆமாம், ஏன், வேண்டாம் மட்டும் இந்த ஊர் உருதுவில் ஹவ், கைக்கு, நக்கோ என்றுதான் வருகிறது. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஹம்ஸினியை நெய் சாப்பிட வையுங்கள். எடை கூடும் என்று பயப்படுவாள், கேட்காதீர்கள். பூர்ணாவுக்கு என் முத்தத்தை நீங்களே கொடுத்துவிட்டு, பாட்டி கொடுத்தது என்று சொல்லவும்.

உங்கள்
கல்பகம்

*

மல்காஜ்கிரி
ஜூன் 29, ஞாயிறு காலை

என் சமையல் மன்னருக்கு,

வணக்கத்தோடு ஒரு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தாராளமாகப் பறக்கலாம் என்று சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை இந்நேரம் ஆகாயத்தில் இருப்பேன். பெட்டியில் பாதி கட்டியாகிவிட்டது. ஆவக்காய் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, உங்கள் பழைய பனியனுக்குள் வைத்திருக்கிறேன். கசிந்தால் பனியன்தான் போகும்.

ஹம்ஸினி நேற்று வீடியோவில் ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கிறேனாம்மா என்று கேட்டாள். குழந்தை வெளியே வந்தபிறகும் வயிறு உள்ளே போக நாளாகும் என்று சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நேரில் கேட்க இன்னும் ஆறே நாள்.

ஜீடிமெட்லா வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று உங்களிடம் பீற்றிக்கொள்ளாமல் யாரிடம் பீற்றிக்கொள்வேன்? தராசின் பின்னால் ஒரு பழைய சாக்கெட் இருக்கிறது. அதற்கு ஏற்ற கேபிளைக் கோட்டிக் கடைத்தெருவில் தேடி வாங்கி, என் லேப்டாப்பில் சொருகினேன். பைதானில் இருபது வரி ஒரு ஸ்கிரிப்ட். மெஷின் நமக்கு எழுத்தை அனுப்பாது, எண்ணைத்தான் அனுப்பும். அதைத்தான் பைட் என்கிறோம். ஐந்து என்று சொல்ல ஐம்பத்துமூன்று அனுப்பும், பூஜ்யத்துக்கு நாற்பத்தெட்டு. அதை வாங்கி, மறுபடி மனிதர் படிக்கிற எழுத்தாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் ரயில்வேயில் இருந்தபோது தந்தி ஆபீஸில் கட்டுக்கட சத்தத்தைக் கேட்டு எழுத்தாக எழுதுவார்களே, அதே வேலை.

முதலில் மாற்ற மாட்டேன் என்று ஸ்கிரிப்ட் அடம் பிடித்தது. ஏதோ சில பைட் தனக்குப் புரியவில்லை என்று பாதியிலேயே நின்றது. பழைய மெஷின், கொஞ்சம் குப்பையும் சேர்த்து அனுப்பும் என்று நினைத்து, புரியாததைத் தள்ளிவிட்டு மேலே போ என்று ஒரு சொல் சேர்த்தேன். சமத்தாகப் போயிற்று. கிராமைக் குறிக்கும் எழுத்து மட்டும் வரவில்லை, அது எனக்கு எதற்கு? ஐம்பது கிராம் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், 50.00 என்று திரையில் அழகாக வந்தது. நாலு தடவை வைத்தேன், நாலு தடவையும் 50.00. நாராயணஸ்வாமி கை தட்டினார். எலிசபெத் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள்.

அப்புறம் மெஷின் வயிற்றிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டு எடைகளையும் எடுத்தேன். இனி நான் எழுதப்போவது நல்ல செய்தி இல்லை.

எலிசபெத்தின் நோட்டும் மெஷினின் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. நோட்டில் 50.12 என்றால் மெஷினில் 50.00. நோட்டில் 50.27 என்றாலும் மெஷினில் 50.00. அவள் 50.23 என்று எழுதிய இடத்தில் மெஷின் 50.30 என்கிறது. அங்கங்கே சில ஒத்துப்போகின்றன, பாதிக்கு மேல் இல்லை. நாராயணஸ்வாமி பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மெஷின் கைக்கு பொய் சொல்லும்? இந்தப் பொண்ணு எடையே போடாம குத்துமதிப்பா எழுதியிருக்கு" என்றார். மருந்து விஷயத்தில் இது பெரிய குற்றம். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, எலிசபெத்தைத் தராசிலிருந்து எழுப்பி லேபிள் ஒட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிட்டார். ஆய்வு முடிந்ததும் அவளை வேலையைவிட்டே அனுப்பப்போவதாகச் சொன்னார். சென்னைக்கும் எழுதிவிட்டார்.

அவள் அழவில்லை. "நான் பார்த்ததைத்தான் எழுதினேன் மேடம்" என்று என்னிடம் ஒரே தடவை சொன்னாள். நான் கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்தேன். இப்படியும் செய்வார்களா என்று மனசு கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷின் சொல்வதை நான் மாற்ற முடியுமா? முகத்தைப் பார்த்து மனிதரை எடை போடத் தெரிந்திருந்தால் நான் இன்ஸ்ட்ருமென்ட் பக்கமே போயிருக்க வேண்டாம்.

சரி, அதை விடுங்கள். அங்கே குளிர் இன்னும் இருக்கிறதா? இரண்டு ஸ்வெட்டர் போதுமா என்று கேட்டு எழுதவும். வருகிறேன்.

உங்கள்
கல்பகம்

*

மல்காஜ்கிரி
ஜூலை 20, ஞாயிறு

என்னை நன்றாகத் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு,

உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் இல்லாதிருக்கட்டும். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். அடுப்பில் ஒன்றும் வைக்காமல் படியுங்கள்.

போன கடிதத்தில் டாக்டர் பறக்கலாம் என்று சொன்னதாக எழுதினேன். மறுநாளே போனில், காதில் மறுபடியும் இரைச்சல், இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். உங்கள் கையில் என் கடிதம் இருந்தது. பொய் என்று உங்களுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். நீங்கள் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்றீர்கள், அவ்வளவுதான். பக்கத்திலிருந்த ஹம்ஸினி, பாவம், ஐஸ் தண்ணீர் குடிக்காதேம்மா என்றாள். என் காதுக்கு ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன்.

போன கடிதத்தை அனுப்பியது ஜூன் 29 பதினோரு மணி. ஒரு மணிக்கு வாசலில் எலிசபெத் நின்றாள். சர்ச் முடிந்து நேராக வந்திருக்கிறாள், கையில் பைபிளோடு அவளுடைய எடை நோட்டும். காபி கொடுத்தேன், தொடவில்லை. செல்போனில் நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்து, "மேடம், நானூத்துச் சொச்சம் எடை போட்டிருக்கு. உங்க லிஸ்ட்ல ஒரு எடத்துல கூட ஒண்ணு வரலையே. ரெண்டு வரல. நாலு, ஏழு, எட்டு எதுவும் வரல. கைக்கு மேடம்?" என்றாள். அப்புறம், "ஒன்பது வருஷமா அந்தத் தட்டு முன்னாடி உக்காந்திருக்கேன். நான் திருடினா ஒண்ணு, ரெண்டுங்கற நம்பரைக் கூடவா திருடுவேன்?" என்றாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். பூஜ்யம், மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது. திரும்பத் திரும்ப அவை மட்டும்தான். வேறு ஒரு இலக்கம் இல்லை. உலகத்தில் எந்தத் தராசு இப்படி எடை காட்டும்? அரை மணியில் விஷயம் பிடிபட்டது.

அந்தக் காலத்து மெஷின்கள் ஒவ்வொரு எழுத்தோடும் ஒரு காவல் குறியைச் சேர்த்து அனுப்பும், வழியில் எழுத்து கெட்டுப்போகாமல் வந்ததா என்று பார்க்க. சில எழுத்துக்களில் அந்தக் குறி சும்மா இருக்கும். சிலவற்றில் நூற்று இருபத்தெட்டைக் கூட்டிவிடும். ஒன்று என்பதற்கு நாற்பத்தொன்பது வர வேண்டும், நூற்று எழுபத்தேழாக வந்திருக்கிறது. என் ஸ்கிரிப்டுக்கு அது புரியவில்லை. புரியாததைத் தள்ளிவிட்டு மேலே போ என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன்? தள்ளிவிட்டது. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு என்று ஐந்து இலக்கங்களையும் ஒரு சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, காலி இடத்தில் பூஜ்யம் போட்டு மிச்சத்தை நல்ல பிள்ளையாக வரிசையில் நிறுத்தியது. 50.12-இல் ஒன்றையும் இரண்டையும் எடுத்தால் ஐம்பதுதானே மிஞ்சும்? நான் சோதித்துப் பார்த்த படிக்கல்லோ சரியாக ஐம்பது கிராம். ஐந்தும் பூஜ்யமும் மட்டும் உள்ள எடை, தப்பு வரவே வழியில்லை. குப்பை என்று நான் நினைத்தது எலிசபெத்தின் உண்மை.

இந்தக் காவல் குறி எனக்குத் தெரியாததா? எங்கள் ஃபாக்டரியில் முதல் பத்து வருஷம் காலை எழுந்தால் இதோடுதான் மல்லுக்கட்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யானை சறுக்கி விழுந்தது ஒரு பெண்ணின் மேல்.

ஒரே ஒரு வரி மாற்றினேன், நூற்று இருபத்தெட்டு கூடியிருந்தால் கழித்துவிடு என்று. தள்ளிவிடு என்ற சொல்லை எடுத்தேன். கிராம் எழுத்துகூட முதல் முறையாகத் திரையில் வந்தது. நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் படிக்க, நான் சரிபார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று அப்படியே ஒத்துப்போயின. ஒரே ஒரு இடத்தில் மெஷின் 50.21, அவள் 50.12 என்று எழுதியிருந்தாள். போனால் போகிறது என்று நான் தாண்டப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அது என் தப்பு மேடம், எழுதிக்கோங்க" என்றாள். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நாராயணஸ்வாமியிடம் போனேன். ராமசுவாமி சார் இல்லாத நேரத்தில் உங்களுக்கு எதற்கு இத்தனை டென்ஷன் என்று உங்களையும் இழுத்துக்கொண்டு நைச்சியமாக ஆரம்பித்தார். "நக்கோ மேடம். சென்னைக்கு லெட்டர் போயாச்சு. இப்ப மாத்திச் சொன்னா மொத்த யூனிட் மேலயும் சந்தேகம் வரும். அந்தப் பொண்ணுக்கு வேற யூனிட்ல நானே சொல்லி வெக்கறேன், நீங்க நிம்மதியா பேத்தியைப் பாக்கப் போங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். நான் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தேன். தவறு என் ஸ்கிரிப்டில், எலிசபெத்தின் நோட்டில் இல்லை என்று மூன்று வரி. வாங்கிப் பார்த்துவிட்டு, ஆய்வுக்கு வருகிறவர்கள் காகிதத்தை நம்ப மாட்டார்கள், நீங்கள் லண்டனில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வது என்றார். எடின்பரோ என்றேன். எதுவாக இருந்தால் என்ன என்றார். அந்தக் கேள்வி நியாயம்தான். ஆய்வு ஜூலை 15. என் விமானம் ஜூலை 5.

அன்று சாயங்காலம்தான் உங்களுக்குப் போன் செய்து காது இரைகிறது என்றேன்.

போனாலு அம்மன் திருவிழா ஊர்வலத்துக்காகச் சாலையெல்லாம் அடைத்துத் திறந்த மறுநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து சிவஞானம் என்று ஒருவர் வந்தார். நம் வயது இருக்கும், சிரிப்பது விரயம் என்று நினைக்கிற முகம். நாராயணஸ்வாமியும் எலிசபெத்தும் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பட்டியல், புதிய பட்டியல், நோட்டு மூன்றையும் மேஜையில் பரப்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐம்பதைத் தவிர வேறு எதையாவது வைத்துச் சோதித்தீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இல்லை என்றேன். முப்பத்துமூன்று வருஷ சர்வீஸில் இவ்வளவு சின்னப் பதிலுக்கு இவ்வளவு பெரிய மூச்சு இழுத்ததில்லை. இனிமேல் பத்து இலக்கமும் வருகிற மாதிரி எடைகளை வைத்துப் பார்த்த பிறகுதான் இந்த ஸ்கிரிப்டை உபயோகிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். எலிசபெத்தின் நோட்டைக் கடைசியில் மூடி அவள் கையிலேயே கொடுத்து, "நன்றாக எழுதுகிறீர்கள்" என்றார். நாராயணஸ்வாமிக்கு உயிர் திரும்பி வந்து, எல்லோருக்கும் பிரியாணி சொல்லிவிட்டார். எனக்கு வெறும் தயிர் சாதம்.

எலிசபெத் மறுநாள் காலையே தராசுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சாரி எல்லாம் நக்கோ மேடம். அந்த லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்கல்ல, அதே எடத்துல இதையும் ஒட்டுங்க" என்றாள். ஒட்டினேன். என் பெயரோடு, என் தவறு என்று பெரிய எழுத்தில். லேபிள் மேஜைப் பெண்கள் எல்லோரும் வந்து நின்று வாசித்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு லேசாகிவிட்டது. மழை பெய்து ஊரே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வழியில் இறங்கி மக்காச்சோளம் வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹம்ஸினி வீடியோவில் வந்தாள். காது எப்படி இருக்கிறது அம்மா என்று முதல் கேள்வி. பரவாயில்லை என்றேன். அத்தனை பேர் முன்னால் என் தவறு என்று சொல்ல முடிந்த எனக்கு, பெற்ற பெண்ணிடம் காது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் வீணை வாசித்த நாள் நான் போகவில்லை. பத்தாவது பரீட்சை முதல் நாள் நான் ஃபாக்டரியில் இருந்தேன். அம்மாவுக்கு அவசர ரிப்பேர், அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் அவளைச் சமாதானம் செய்தீர்கள். சில நாள் அது உண்மை. சில நாள் என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. கையிலெடுத்த வேலையை விட்டு வர எனக்கே மனசில்லை. அதையும் நீங்கள் ரிப்பேர் என்றுதான் சொன்னீர்கள். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னீர்கள், அவள் மேல் உள்ள பிரியத்திலும் சொன்னீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா வராத நாளெல்லாம் அவளுக்கு அரைகுறைக் காரணம்தான் கிடைத்திருக்கிறது. இந்தத் தடவையும் வேலைதான், இந்தத் தடவையும் நான்தான் தங்கினேன். தங்கியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பொய் சொன்னதுதான் தப்பு.

நான் சனிக்கிழமை, 26-ஆம் தேதி வருகிறேன். இந்தத் தடவை நிச்சயம், பெட்டி வாசலில் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். ஹம்ஸினிக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், மன்னிப்பு ஆபீஸ் மெமோ மாதிரி வருகிறது. ஆகவே இந்தக் கடிதத்தை நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுவதும். அவள் மனசு நோகும் என்று உங்களுக்குத் தோன்றுகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். எனக்கு அவமானம் என்று தோன்றுகிற இடத்தையும் தாண்ட வேண்டாம். கெட்டிக்காரத்தனமாக நடுவில் ரசத்தைப் பார்க்க எழுந்து போகவும் வேண்டாம்.

ஹம்ஸினி, இனி எழுதுவது உனக்கு. என் காது நன்றாக இருக்கிறது, கண்ணே. மூன்று வாரம் முன்னாலேயே உன்னைப் பார்த்திருக்கலாம். ஒரு பெண்ணுக்கு நான் செய்த கெடுதலைத் திருத்த இங்கே நின்றேன், அதை உன்னிடம் சொல்லப் பயந்தேன். பூர்ணாவின் எழுபத்தேழு நாளும் எனக்குப் போனதுதான், அது எனக்கு வலிக்கிறது. உன் வீணையும் எனக்கு வலிக்கிறது. உனக்குக் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம். அதை அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, அவர் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுவருவார். சனிக்கிழமை விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்த்து நீயே சொல். ஒன்று விடாமல் சொல். நான் கேட்கத்தான் வருகிறேன்.

நீயும் உன் குழந்தையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவும் இல்லாமல் வாழ வேண்டும்.

உன் அம்மா,
கல்பகம்